அக்காவின் ஐம்பது மீற்றர்

நினைவு மலர்களில் இறந்துபோனவருக்குக் குறை எதுவும் இருப்பதில்லை. எழுதுகிறவருக்கும் இருப்பதில்லை. எங்கள் வீட்டு அலுமாரியில் இப்படி இருபது முப்பது மலர்கள் கிடக்கின்றன. எல்லாவற்றிலும் எல்லாரும் அன்பே உருவானவர்கள், எல்லாத் தம்பிமாரும் கண்ணீர் வடிக்கிறார்கள். அக்காவின் முப்பத்தோராம் நாளுக்கு நான்தான் எழுதவேண்டும் என்று உறவுகள் கேட்டபோது, "நல்லதா நாலு வரி எழுதினாக் காணும்" என்றார்கள். அக்காவைப் பற்றி நல்லது எழுத நாலு வரி காணாது. ஆனால் அக்காவுக்கு நான் செய்த ஒரு பிழை இருக்கிறது. அதை விட்டுவிட்டு மற்றதை எழுத எனக்குக் கை வரவில்லை. பொறுத்துக்கொண்டு வாசியுங்கள்.

எங்கள் அப்பா வடமராட்சியிலிருந்து குடியேற்றத் திட்டத்தில் காணி கிடைத்துக் கண்டாவளைக்கு வந்தவர். அக்கா அங்கேதான் பிறந்தார். நான் அவருக்கு ஆறு வயது இளையவன். எங்கள் வயலுக்குத் தண்ணீர் வரும் பெரிய வாய்க்காலில் அக்கா தானாகவே நீந்தப் பழகினார். பெண்கள் குளிக்கும் படியில் குறுக்குக்கட்டோடு இறங்கி, தலையைத் தண்ணீருக்கு மேலே வைத்தபடி, இரண்டு கையாலும் தண்ணீரை விலக்கி விலக்கி அக்கரைக்குப் போவார். போய் வலக்கையால் கரைப் புல்லைப் பிடித்துக்கொண்டு எங்களைத் திரும்பிப் பார்ப்பார். "பொம்பிளைப் பிள்ளை, தவளை மாதிரி உதென்ன வேலை" என்று அம்மா ஏசுவார். எனக்கோ தண்ணீர் என்றால் பயம். இன்றைக்கும் முழங்காலுக்கு மேலே தண்ணீர் ஏறினால் திரும்பிவிடுவேன்.

அக்கா கெட்டிக்காரி. உயர்தரம் வரை படித்தார். பிறகு முன்பள்ளி ஆசிரியையாக இருந்தார். இருபத்தாறு வயதில் செட்டிகுளத்தைச் சேர்ந்த அத்தானைக் கைப்பிடித்தார். அத்தான் உழவு இயந்திரம் திருத்துபவர். சாந்தமான மனிதர், கையில் எண்ணெய் ஊத்தை போகாத மனிதர். அவர்களுக்குப் பிள்ளைப் பாக்கியம் கிடைக்கவில்லை. அதைச் சொல்லி ஒருவரை ஒருவர் நொந்துகொண்டதை நான் ஒருநாளும் கண்டதில்லை. அத்தானுக்கும் நீந்தத் தெரியாது.

போர் முடிகிற மாதங்களில் நாங்கள் எல்லாரும் கிழக்கே கிழக்கே போனதை உங்களில் பலர் கூடவே வந்து பார்த்தவர்கள். விரிவாக எழுத நான் விரும்பவில்லை. கடைசியில் கடல்நீரேரியின் கரையில் நாங்கள் நான்கு பேர் நின்றோம். அக்கா, அத்தான், அத்தானின் தாயார், நான். கிழவி நடக்கமாட்டார். எனக்குத் தண்ணீரில் இறங்கக் கால் வரவில்லை. அத்தான்தான், "முதல் தம்பியைக் கொண்டுபோய் விட்டிட்டு வாரும். நான் அம்மாவோட நிக்கிறன்" என்றார். அக்கா என் சேட்டுக் கொலரைப் பிடித்து, ஆழமான இடத்தில் என்னை மல்லாத்தி இழுத்துக்கொண்டு அக்கரையில் சேர்த்தார். சேர்த்துவிட்டுத் திரும்ப இறங்கினார். அங்கே நின்ற ஆமிக்காரர் விடவில்லை. அக்கா மன்றாடினார். அவர்களுக்குத் தமிழ் விளங்கவில்லை. எங்களைப் பஸ்ஸில் ஏற்றினார்கள். அத்தானையும் அவர் தாயாரையும் நாங்கள் பிறகு காணவில்லை.

ஒரு வருடத்துக்குக் கிட்ட செட்டிகுளம் முகாமில் இருந்தோம். அத்தானின் சொந்த ஊரிலேயே, அத்தான் இல்லாமல். குளிக்க ஆளுக்கு ஒரு வாளி தண்ணீர் கிடைத்தது. அக்கா எல்லாப் பட்டியலிலும் அத்தானின் பெயரைப் பதிந்தார். எந்தக் காரியாலயம், எந்த ஆணைக்குழு வந்தாலும் முதல் கதிரையில் அக்கா இருப்பார். மரணச் சான்றிதழ் எடுக்கலாம், உதவி கிடைக்கும் என்று அதிகாரிகள் படிவம் கொடுத்தபோது, அதை மடித்து அவர்களுடைய மேசையிலேயே வைத்துவிட்டு வந்தார். பொட்டை அழிக்கவில்லை. வெள்ளைச் சேலை கட்டவில்லை. ஊருக்குத் திரும்பி நான் வீடு கட்டி, திருமணமும் செய்தபின், அக்கா எங்களோடுதான் இருந்தார். என் பிள்ளைகள் இருவரையும் வளர்த்தவர் அவர்தான் என்று என் மனைவி இப்போதும் சொல்லி அழுகிறார்.

இனி நீச்சல் கதைக்கு வருகிறேன். ஐம்பத்தேழு வயதில் அக்காவுக்கு முழங்கால் நோவு வந்தது. கிளினிக்கில் வைத்தியர், "நிலத்தில நடக்கிறதைக் குறைச்சுத் தண்ணிக்குள்ள நடவுங்கோ" என்றார். கிளிநொச்சியில் மாவட்ட மைதானத்தோடு நீச்சல் தடாகம் இருக்கிறது. கிழமையில் இரண்டு காலை பெண்களுக்கு ஒதுக்கியிருந்தார்கள். அக்கா நடக்கப் போனார். இரண்டாம் கிழமை நீந்திக்கொண்டு நின்றாராம். அங்கே பயிற்சி கொடுப்பவர் வவுனியாவைச் சேர்ந்த ஒரு இளம் பெண். அவர் அக்காவைக் கரைக்குக் கூப்பிட்டு, "அன்ரி, இது மார்பு நீச்சல். இதை எங்க பழகினனீங்கள்?" என்று கேட்டிருக்கிறார். "வாய்க்கால்ல" என்றார் அக்கா. மூத்தோருக்கு வயதுப் பிரிவு வைத்துப் போட்டி நடக்கிறது, அறுபது எழுபது வயதுக்காரரும் நீந்துகிறார்கள் என்று அந்தப் பிள்ளை சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும்.

அக்காவுக்கு ஒரே ஒரு விடயம் வரவில்லை. முகத்தைத் தண்ணீருக்குள் வைக்கமாட்டார். தலையைத் தூக்கிக்கொண்டு நீந்தினால் வேகம் வராது, கழுத்தும் நோகும் என்று பயிற்றுநர் எத்தனையோ விதமாகச் சொல்லியும் பார்த்தார்.

"தலையைத் தாட்டா அங்கால ஆர் நிக்கினம் எண்டு தெரியாது, பிள்ளை" என்று அக்கா சொன்னாராம்.

பயிற்றுநர் அதற்குப் பிறகு வற்புறுத்தவில்லை. ஒவ்வொரு நாளும் தடாகத்தின் மறு முனையில் தானே போய் நின்றுகொண்டு, "நான் நிக்கிறன் அன்ரி, நான்தான் நிக்கிறன்" என்று சொல்லிக்கொண்டிருப்பார். ஏழு மாதம் போனது. ஒருநாள் அக்கா முகத்தைத் தாழ்த்திப் போய்ச் சேர்ந்து நிமிர்ந்தார். அன்றைக்கு வீட்டுக்கு வந்து குசினியில் நின்றபடி இரண்டு தட்டு புட்டுச் சாப்பிட்டது எனக்கு நினைவிருக்கிறது.

எனக்கு இதெல்லாம் பிடித்திருந்ததா என்று கேட்டால், இல்லை. நான் கோயில் நிர்வாக சபையின் செயலாளர். அக்கா முழுக்கை மேற்சட்டையும் கணுக்கால் வரை காற்சட்டையும் போட்டுத்தான் நீந்தினார். அப்படியிருந்தும், "உங்கட அக்கா இப்ப நீச்சல் வீராங்கனையாம்" என்று கோயில் வாசலில் பகிடி விட்டவர்கள் உண்டு. அவர்களில் சிலர் இந்த மலரையும் வாசிப்பார்கள். நான் அப்போது அவர்களுக்குப் பதில் சொல்லாமல் வந்து, அக்காவிடம் முகத்தைக் காட்டினேன். அக்கா தன்பாட்டில் துவாயைக் கொடியில் விரித்துப் போட்டார்.

தடாகத்தில் அக்காவுக்கு ஒரு சிநேகிதியும் கிடைத்தார். விசுவமடுவில் தோட்டம் செய்பவர். அவருடைய பெற்றோர் மலையகத்திலிருந்து வந்து அங்கே காடு வெட்டிக் குடியேறியவர்கள். அக்கா அவரைத் தங்கச்சி என்பார், நானும் அப்படியே எழுதுகிறேன். இரண்டு பஸ் மாறி அந்தக் காலைகளில் வந்துவிடுவார். அக்காவும் அவரும் பக்கத்துப் பக்கத்துத் தடத்தில் நீந்துவார்கள். யார் முந்தினாலும் மற்றவர் அன்றைக்குத் தேத்தண்ணி வாங்கவேண்டும் என்று ஒப்பந்தம்.

முதல் போட்டி யாழ்ப்பாணத்தில் நடந்தது. ஐம்பது மீற்றர் மார்பு நீச்சல், தடாகத்தின் நீளத்தில் போய் ஒருமுறை திரும்பி வருவது. மனைவியும் பிள்ளைகளும் இழுத்துக்கொண்டு போனதால் நானும் போனேன். அக்கா இரண்டாவதாக வந்தார். வந்து மூச்சு வாங்கிக்கொண்டு நின்றபோது, கரையில் நின்ற நடுவர் கையை உயர்த்தினார். மார்பு நீச்சலில் திரும்பும்போதும் முடிக்கும்போதும் இரண்டு கையும் ஒன்றாகச் சுவரில் படவேண்டும். அக்கா திரும்பும்போது வலக்கையால் மட்டும் பிடித்துவிட்டார். வாய்க்கால் கரையைப் பிடித்துப் பழகின கை. எத்தனை தரம் சொல்லிக் கொடுத்தும், அந்த ஒரு நிமிட அவதியில் பழைய பழக்கம் முன்னுக்கு வந்துவிட்டது. பலகையில் ஒட்டின தாளில் எல்லாருடைய பெயருக்கு நேரேயும் நிமிடமும் செக்கனும் இருந்தன. அக்காவின் பெயருக்கு நேரே "தகுதி நீக்கம்" என்று இருந்தது.

அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்தத் தாளின் முன்னால் கனநேரம் நின்றார். நான் ஆறுதல் சொல்வதாக நினைத்து, "விடுங்கோ அக்கா. இந்த வயசில உங்களுக்கு மெடல் என்னத்துக்கு?" என்றேன்.

"மெடலுக்கில்லை, தம்பி." விரலால் தன் பெயரின் முன்பாதியைத் தொட்டுக் காட்டினார். திருமதி என்று போட்டு, முதலில் அத்தானின் பெயர், பிறகு அக்காவின் பெயர். "அவரின்ர பேரை எத்தினை பட்டியல்ல குடுத்திருப்பன். எல்லாத்திலயும் நேரே 'இல்லை', 'தெரியாது' எண்டுதான் கிடக்கு. ஒரு தாளிலயாவது அந்தப் பேருக்கு நேரே ஒரு இலக்கம் வரவேணும். அதுக்குத்தான் நீந்துறன்."

அன்றைக்குத்தான் எனக்கு அது தெரியும். பஸ்ஸில் திரும்பி வரும்போது நான் அக்காவின் பக்கத்துச் சீற்றில் இருந்தேன். யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன்.

அடுத்த வருடம் கொழும்பில் போட்டி. அந்த வருடம் முழுக்க அக்கா இரண்டு கையையும் பழக்கினார். வீட்டில் சுவரைக் கண்டால் இரண்டு உள்ளங்கையையும் சேர்த்து வைப்பார். அலுமாரிக் கதவைக்கூட இரண்டு கையால் சாத்துவார். பிள்ளைகள் சிரிப்பார்கள், அக்காவும் சிரிப்பார். பயிற்றுநரின் ஸ்ரொப் வோச்சில் ஒரு நிமிடமும் பத்துச் செக்கனும் வரை வந்துவிட்டது. சுவரில் கை பிழைக்கவில்லை. தங்கச்சியும் அக்காவும் ரயிலுக்கு ரிக்கற் எடுத்துவிட்டார்கள். அக்காவின் பை அறையில் கட்டியபடி இருந்தது.

போட்டிக்கு ஒன்பது நாள் இருக்கும்போது கனடாவிலிருந்து அழைப்பு வந்தது. அப்பாவின் கடைசித் தம்பி, எங்கள் சித்தப்பா, அங்கே காலமாகிவிட்டார்.

வெளிநாட்டில் பிறந்த எங்கள் பிள்ளைகளும் இதை வாசிப்பார்கள் என்பதால் துடக்கு என்றால் என்னவென்று சொல்லிவிடுகிறேன். ஒரு குடும்பத்தில் சாவு நடந்தால், அந்தத் தகப்பன் வழி உறவினர் எல்லாரும் முப்பத்தொரு நாள் கோயிலுக்கோ கொண்டாட்டங்களுக்கோ போவதில்லை. யாருக்கு எத்தனை நாள் என்பதில் ஊரில் சந்தேகம் வந்தால் என்னைத்தான் கேட்பார்கள். அதில் எனக்கு ஒரு பெருமையும் இருந்தது.

அக்கா குசினி வாசலில் நின்றார். நான் கதிரையில் இருந்தபடியே சொன்னேன்.

"துடக்கு வந்திட்டுது அக்கா. கொழும்புப் பயணம் சரிவராது."

"சித்தப்பான்ர துடக்கோ?"

"ஓம். முப்பத்தொண்டு."

அக்கா கேட்டார். "தம்பி, நான் ஆற்ற வீட்டு ஆள்?"

"இதென்ன கேள்வி? இவ்வளவு வருசமா எங்கட வீட்டில இருக்கிறியள். எங்கட வீட்டு ஆள்தான். அத்தான் இருந்தா அது வேற கதை."

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே கேட்டது.

"அப்ப நீ அவரை முடிச்சுப்போட்டாய்" என்றார் அக்கா.

"நான் அப்பிடிச் சொல்லேல்லை."

"அப்பிடித்தான் சொன்னனீ."

குரலை உயர்த்தவில்லை அவர். நான்தான் உயர்த்தினேன். கோயில் செயலாளராக இருந்துகொண்டு, சித்தப்பா செத்து ஒரு கிழமையில் அக்காவை நீச்சலடிக்க அனுப்பினவன் என்று ஊர் கதைக்கும் என்றேன். அந்தச் சித்தப்பா கனடாவுக்குப் போய் முப்பது வருடத்தில் எங்களை ஒருமுறைகூட வந்து பார்த்ததில்லை. அதை என் மனைவி இடையில் சொன்னார். அவரையும் பேசாமல் இருக்கச் சொன்னேன்.

"சரி" என்றார் அக்கா. "உன்ர வீட்டில இருக்கிறன். நீ சொல்லுறதைக் கேக்கிறன்."

அறைக்குள் போய்ப் பையை அவிழ்த்து, உடுப்புகளை எடுத்து மடித்து வைத்தார். அடுத்த நாள் தங்கச்சி ஓடிவந்தார். "அக்கா இல்லாம நான் மட்டும் எப்பிடிங்கண்ணே போறது? ஒரு வார்த்த சொல்லி அனுப்பி வைங்களேன்" என்று என்னிடம் கேட்டார். எங்கள் முறை உங்களுக்கு விளங்காது என்று அவருக்குச் சொன்னேன். எவ்வளவு திமிர் பாருங்கள். அக்காதான் அவரைச் சமாதானப்படுத்தி அனுப்பினார். தங்கச்சி போய் மூன்றாவதாக வந்து பதக்கத்தோடு திரும்பியபோது, அக்கா அவரை இருத்தி, தண்ணீர் குளிராக இருந்ததா, சுவர் வழுக்கியதா என்று ஒவ்வொன்றாக விசாரித்தார். என்னோடும் வழமைபோலத்தான் கதைத்தார். "அடுத்த வருசமும் போட்டி வரும்தானே அக்கா" என்று நான் சொன்னபோது, "ஓம், வரும்" என்றார்.

அடுத்த வருடம் தொடங்கும்போதே அக்கா மெலியத் தொடங்கினார். நீந்துவதால் என்று நினைத்தோம். பிறகு சாப்பாடு இறங்கவில்லை. யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரியில் வயிற்றில் கட்டி என்றார்கள், பிந்திவிட்டது என்றும் சொன்னார்கள். மூன்று மாதம் ஆஸ்பத்திரியும் வீடுமாக இருந்தார். அந்த நிலையிலும் பயிற்றுநர் ஆஸ்பத்திரிக்கு வந்தபோது, போட்டிக்குப் பெயர் கொடுக்கும் திகதி எப்போது என்று கேட்டார். அந்தப் பிள்ளை என் முகத்தைப் பார்த்தது. "அவனைப் பார்க்காதை. போடு பிள்ளை" என்றார் அக்கா. பிள்ளை படிவத்தை அந்தக் கட்டிலிலேயே வைத்து நிரப்பியது. அக்கா கையெழுத்து வைத்தார்.

பிள்ளை வெளியே போனபிறகு அக்கா என்னைக் கிட்டக் கூப்பிட்டார்.

"இந்த முறை ஒருத்தரும் செத்துப்போடாம இருக்கவேணும், தம்பி. பிறகு நீ மறிச்சுப்போடுவாய்."

பகிடியாகத்தான் சொன்னார். நானும் சிரித்தேன். அப்போது நான் சொல்லவேண்டிய சொல் ஒன்று இருந்தது. தேத்தண்ணி வாங்கி வருகிறேன் என்று எழும்பிப் போய்விட்டேன்.

போட்டிக்குப் பத்தொன்பது நாள் இருக்கும்போது, ஒரு காலையில், என் மனைவியின் கையைப் பிடித்தபடி அக்கா கண்ணை மூடினார்.

செத்தவீட்டில் அக்காவைக் குளிப்பாட்டி உடுத்தவந்த பெண்கள் என்னிடம் வந்து, "பொட்டு வைக்கிறதோ, விடுறதோ?" என்று கேட்டார்கள். கூடிநின்றவர்கள் ஆளுக்கொரு கதை சொன்னார்கள். பதினாறு வருடமாகிவிட்டது, இனி என்ன யோசனை என்றார் ஒருவர். நான், "வையுங்கோ" என்றேன். கூறைச் சேலையும் எடுத்துக் கொடுத்தேன். மரண அறிவித்தல் அடிக்கக் கொடுத்தபோது, அத்தானின் பெயருக்கு முன்னால் "காலஞ்சென்ற" என்று அச்சகத்தார் தாங்களாகவே போட்டிருந்தார்கள். அதை வெட்டிவிட்டேன். அச்சுப் பிழையோ என்று பல பேர் தொலைபேசியில் கேட்டீர்கள். பிழை இல்லை. அக்கா அந்தச் சொல்லை எழுதவில்லை, நானும் எழுதமாட்டேன்.

கிரியை செய்ய வந்த ஐயர் வயதானவர். யார் கொள்ளி வைப்பது என்ற பேச்சு வந்தது. நான்தானே என்று முன்னுக்குப் போனேன்.

"நீங்கள் கூடப்பிறந்தவர். அவாவின்ர புருஷன் பக்கத்தில ஆர் இருக்கினம்?" என்று கேட்டார்.

"அவரின்ர தம்பி குடும்பம் செட்டிகுளத்தில. வந்து நிக்கினம். ஆனால் அக்கா எங்கட வீட்டிலதான் ஐயா இருந்தவா."

"எந்த வீட்டில இருந்தால் என்ன? கட்டிக் குடுத்த பொம்பிளை அந்த வீட்டு ஆள். புருஷன் இருந்தாலும் இல்லாட்டியும் அப்பிடித்தான். கொள்ளி அந்தப் பக்கத்துப் பிள்ளை வைக்கட்டும். முப்பத்தொண்டும் அவைக்குத்தான். உங்களுக்கு மூண்டு நாள்."

நான் மெல்லக் கேட்டேன். "ஐயா, கட்டிக் குடுத்த பொம்பிளைக்குத் தேப்பன்ர தம்பி செத்தால் எத்தினை நாள்?"

"அதுக்கென்ன, தலைக்கு முழுகினாச் சரி."

பந்தலுக்குள் பறை அடித்துக்கொண்டிருந்தது. ஐயர் வேறு யாரோடோ கதைக்கப் போய்விட்டார். அக்கா முழுகியிருந்தால் காணும். முழுகிவிட்டு ரயில் ஏறியிருக்கலாம். ஊருக்கெல்லாம் துடக்கு நாள் எண்ணிச் சொல்லும் நான், என் கூடப்பிறந்தவருக்குப் பிழையாக எண்ணியிருக்கிறேன். ஒரே கூரைக்குக் கீழே இருந்தால் ஒரே துடக்கு என்று நானே ஒரு சட்டம் செய்திருக்கிறேன். "நான் ஆற்ற வீட்டு ஆள்?" என்று அக்கா கேட்டபோது அவருக்கு முறை தெரிந்திருந்தது. எனக்கும் தெரிந்திருக்கும் என்று நினைத்துத்தான் கேட்டிருக்கிறார்.

அத்தானின் தம்பி மகன் கொள்ளி வைத்தான். நாலாம் நாள் எனக்குத் துடக்கு இல்லை. கோயிலுக்குப் போகலாம், கலியாண வீட்டுக்குப் போகலாம், கொழும்புக்கும் போகலாம். போட்டி வந்தபோது பயிற்றுநரோடும் தங்கச்சியோடும் நான் கொழும்புக்குப் போனேன்.

பெயர் கொடுத்த பின் நீக்கும் திகதி கடந்துவிட்டதாகப் பயிற்றுநர் சொன்னார். நீக்க அவருக்கு மனமில்லை என்றும் எனக்குத் தெரிந்தது. அறுபது வயதுக்கு மேற்பட்ட பெண்களின் ஐம்பது மீற்றர் மார்பு நீச்சலுக்கு ஒலிபெருக்கியில் பெயர் கூப்பிட்டார்கள். அக்காவின் முறை வந்தபோது அத்தானின் பெயரைச் சரியாக உச்சரிக்கத் தெரியாமல் அறிவிப்பாளர் தடக்கினார். இரண்டாம் தரம் கூப்பிட்டார். மூன்றாம் தரம் கூப்பிட்டபோது நான் எழும்பி நின்றுவிட்டேன். ஏன் எழும்பினேன் என்று எனக்குத் தெரியாது. பயிற்றுநர் என் சேட்டைப் பிடித்து, "அங்கிள், இருங்கோ" என்றார். விசில் ஊதினார்கள். ஐந்தாம் தடத்தில் ஒருவரும் இல்லை. மற்ற ஏழு பெண்களும் பாய்ந்தார்கள்.

தங்கச்சியின் போட்டி அதற்கு முன்பே முடிந்திருந்தது. ஈரத் தலையோடு வந்து என் பக்கத்தில் இருந்து அழுதார். பிறகு முடிவுத் தாளைப் பலகையில் ஒட்டினார்கள். மூன்று பேரும் போனோம். ஏழு பெயர், ஏழு நேரம். ஆகக் கீழே திருமதி, அத்தானின் பெயர், அக்காவின் பெயர். நேரே ஆங்கிலத்தில் மூன்று எழுத்து.

"என்ன பிள்ளை போட்டிருக்கு?"

"வரேல்லை எண்டு, அங்கிள்."

போன வருடம் நான் மறிக்காமல் இருந்திருந்தால், ஒரு தாளிலாவது அத்தானின் பெயருக்கு நேரே ஒரு இலக்கம் இருந்திருக்கும். மற்ற இழப்புகளுக்கெல்லாம் யார் யாரையோ சொல்லலாம். இதற்கு நான் ஒருவன்தான்.

இனி நன்றி. அக்காவைப் பராமரித்த வைத்தியர்களுக்கும் தாதியருக்கும், அவர் வலியில் கத்தியபோதும் முகம் சுழிக்காத விடுதிப் பணியாளருக்கும். செத்தவீட்டில் அடுப்பு மூட்டாத நாட்களில் எங்களுக்குச் சோறு கொண்டுவந்த கண்டாவளை அயலவருக்கும். பந்தல் போட்டவர்களுக்கும் பறை அடித்தவர்களுக்கும். வெளிநாடுகளிலிருந்து தொலைபேசியில் அழுதவர்களுக்கும் நன்றி. அக்காவைத் தங்கள் வீட்டு ஆளாக ஏற்று, முப்பத்தொரு நாளும் துடக்குக் காத்து, இன்றைய முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியையைச் செட்டிகுளத்தில் நடத்தும் அத்தானின் தம்பி குடும்பத்தாருக்கு எப்படி நன்றி சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. தடாகத்தின் மறு முனையில் ஏழு மாதம் நின்ற பயிற்றுநருக்கும், நான் பேசின பேச்சை மனதில் வைக்காமல் செத்தவீட்டில் மூன்று நாள் நின்று, சோறு சமைத்த அயல்வீட்டில் தேங்காய் துருவிய விசுவமடுத் தங்கச்சிக்கும் நன்றி. தங்கச்சி, எங்கள் முறை எனக்குத்தான் விளங்கவில்லை.

இந்த மலரில் இருநூறு பிரதி அச்சடித்திருக்கிறோம். உங்களில் யாராவது இதை வாசித்துவிட்டு என்னை மன்னித்தாலும் மன்னிக்காவிட்டாலும் எனக்கு ஒன்றுதான். கேட்கவேண்டியவர் ஆஸ்பத்திரியிலும் வீட்டிலுமாக மூன்று மாதம் படுத்திருந்தார். "நான் பிழை விட்டிட்டன் அக்கா" என்று சொல்ல ஒரு வரி போதும். அதைச் சொல்லாமல் தேத்தண்ணி வாங்கப் போனவன்தான் இவ்வளவையும் எழுதியிருக்கிறேன்.

தம்பி,
கண்டாவளை.